என்ன முறை?

செயலி சொல்வதை நம்பினால்
நாங்கள் அலைக்குளத்தின் நடுவில் நிற்கிறோம்.
நீலப் புள்ளி அங்கேதான் மிதக்கிறது.
நிற்பதோ மூன்றாம் வாசலில்,
ஐஸ்கிரீம் வண்டிக்கும் குப்பைத்தொட்டிக்கும் இடையே.
பரிதி ஒரு காதைப் பொத்திக்கொண்டிருக்கிறான்.

டர்பனில் நான்காம் நாள்.
விடுதிக்குள் எங்கே போகவும் பேட்டரி வண்டி உண்டு,
சறுக்கலுக்கு, சாப்பாட்டுக்கு,
சுறாமீன் வேஷக்காரரோடு படமெடுக்க.
காதுக்குச் சொட்டு மருந்து வேண்டுமென்றால்
வெளியேதான் போகவேண்டும்.
வெளியே டாக்சிக்காரர்கள் வரிசை.
போனில் கூப்பிடும் வண்டி வாசலுக்கு வரக்கூடாதென்று
எங்கும் எழுதி ஒட்டவில்லை.
தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வண்டி தூரத்தில் நின்று பார்த்துத் திரும்பியது.
இரண்டாவது ரத்து.
மூன்றாவது பேசியது:
"பெட்ரோல் பங்க் தாண்டி ரெண்டு பனை நிக்கும்,
அங்கே நடந்து வாங்க.
போனைக் கையில வெச்சுக்காதீங்க."

சளக், சளக். ஈரச் செருப்பில் முந்நூறு அடி.

வெள்ளை டொயோட்டா.
கண்ணாடியில் போன் மாட்டும் கொக்கி காலி.
போன் அவர் தொடைக்கடியிலிருந்து
அமுங்கிய பெண்குரலில் வழி சொன்னது.
டெரன்ஸ் பெருமாள்.
"தமிழா?" என்றேன்.
"சோறு, தண்ணி, சாமி," என்றார்,
"அப்புறம் நாலு கெட்ட வார்த்தை. அவ்வளவுதான்."
மற்றதெல்லாம் ஆங்கிலம்.
"நீங்க முன்னால உட்காருங்க.
யாராவது கேட்டா நான் உங்க கஸின்."

கஸின்.
எந்தக் கஸின்?
பெரியப்பா மகனென்றால் அண்ணன்,
அத்தை மகனென்றால் கதையே வேறு.
எங்கள் தெருவில் முறை மாற்றிக் கூப்பிட்டு
ஒரு நிச்சயதார்த்தமே நின்றிருக்கிறது.
இவர் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டு
கியரை மாற்றினார்.

வளைவில் இரண்டு பேர் கை காட்டினார்கள்.
ஒருவர் கையில் குடை. மழை இல்லை.
கொக்கியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.
டெரன்ஸ் சுலுவில் எதையோ சொல்லிச் சிரித்தார்.
குடை சிரிக்கவில்லை.
பின் கண்ணாடியில் குனிந்து பையனிடம் கேட்டது:
இவர் உனக்கு யார்?

பொய் சொன்னால் காட்டிக்கொடுத்துவிடும் முகம் அவனுக்கு.
காதிலிருந்து கையை எடுக்காமல்
"மாமா" என்றான்.

குடைக்காரர் நிமிர்ந்தார்.
சுலுவில் அந்தச் சொல் அம்மாவாம்.
மீசை வைத்த அம்மாவை
ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.
கூட வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
"மலூமே," என்று டெரன்ஸ் அவசரமாகத் திருத்தினார்.
ஓ, மலூமே.
அம்மாவின் உடன்பிறந்தவனுக்கு
அவர்களிடமும் தனிச் சொல் இருக்கிறது.
கஸின் என்றிருந்தால் இன்னும் பத்துக் கேள்வி.
குடை காரின் கூரையை இருமுறை தட்டியது:
போ.

சிக்னல் வரை யாரும் பேசவில்லை.
"போன மாசம் என் சிநேகிதனோட கண்ணாடிய உடைச்சாங்க,"
என்றார் பிறகு.
ஸ்டியரிங்கில் அவர் விரல்கள் நடுங்கின.
என்னுடையதும், மடியில்.

மருந்துக் கடை வாசலில்
பரிதி சொட்டு விட விடவில்லை.
உதைத்தான். வண்டிக்கடியில் ஒளியப் பார்த்தான்.
டெரன்ஸ் இறங்கிவந்து பின்சீட்டில் அமர்ந்து
அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துப் பிடித்தார்.
எண்ணி மூன்று சொட்டு.

இவனுக்குக் காது குத்தியபோது
என் தம்பி வரவில்லை. இரண்டு சென்ட் நிலம்.
பக்கத்து வீட்டு மடி ஒன்று கிடைத்தது.
அதை இவரிடம் எந்த மொழியில் சொல்ல?
"தேங்க்ஸ்" என்றேன்.

அறுபத்திரண்டு ராண்ட்.
மீதியை எண்ணிக் கொடுத்தார்,
கொக்கியில் போனை மாட்டினார்,
அடுத்த அழைப்பு அதற்குள் வந்திருந்தது.
சீட்டில் ஈரம், பையனின் அளவுக்கு.

பயணம் எப்படி இருந்தது என்று செயலி கேட்கிறது.
சுத்தமான கார். இனிய உரையாடல். சரியான வழி.
ஒன்றைத் தொடவேண்டுமாம்.
தொடாமல் விட்டிருக்கிறேன், இன்னும்.

திரும்பிப் போக வண்டி கூப்பிட்டேன்.
நீலப் புள்ளி இப்போது கடலில்.